தையல் யந்திரமும் மேற்குப் புறநகரும்

தன் உடம்புக்கு வேண்டிய உடையைத் தானே அளந்து, தானே வெட்டி, தானே தைத்துக்கொள்ளும் வித்தை நம் வீடுகளில் தொன்றுதொட்டு இருந்துவந்ததென்றும், ஆயத்த ஆடைக் கடைகள் பெருகிய பிறகே அது மறைந்துபோயிற்றென்றும் பலர் அபிப்பிராயம் கொண்டிருக்கிறார்கள். சரித்திரம் அதற்கு இடங்கொடுப்பதில்லை. தறியிலிருந்து இறங்கிய வேஷ்டியும் சேலையும் ஊசி படாமலே உடுக்கத் தக்கவை. ஊசி பிடிப்பது அதற்கென்று ஏற்பட்ட சிலரின் ஜீவனமாக இருந்தது. புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்தில் வாழ்ந்த தொழிலாளரை வரிசைப்படுத்தும் சிலப்பதிகாரம் துன்னகாரர் என்னும் தையற்காரரையும் அவர்களோடு சேர்த்தே சொல்கிறது. வீட்டுத் தையல் தமிழ்நாட்டில் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளே ஆன வழக்கம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்னும் சென்னையின் மேற்குப் புறங்களில் அது வேரூன்றியதோ நம் தாய்மார், பாட்டிமார் காலத்தில்தான்.

அதன் ஆரம்பத்தைத் தெற்கே தேட வேண்டும். 1820களில் நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மால்ட் பாதிரியாரின் மனைவி மார்த்தா அம்மையார் பெண்களுக்கு எழுத்தோடு லேஸ் பின்னலையும் ஊசி வேலையையும் கற்பிக்கலானார். அவருடைய மகள் எலைசா, கால்டுவெல் ஐயரை மணந்து இடையன்குடிக்குப் போனபோது அந்த வித்தையையும் உடன் கொண்டுபோனார். நாகர்கோவில் அப்போது சேர்ந்திருந்த திருவிதாங்கூர் நாட்டில்தான் மார்பை மறைக்கும் உரிமைக்காகச் சாணார் குலப் பெண்கள் பல்லாண்டு போராடி, 1859-இல் அந்நாட்டு மன்னரின் பிரகடனத்தின் மூலம் குப்பாயம் என்னும் மேற்சட்டையை அணியும் அனுமதியைப் பெற்றார்கள். தைத்த துணி ஒரு காலத்தில் கௌரவத்தின் வழக்காகவும் இருந்தது என்பதை, ரவிக்கைக்குத் துணி எடுக்கும் நாம் இன்று நினைப்பதே இல்லை.

யந்திரம் வந்த கதை வேறு. பிரான்சு தேசத்துத் திமோனியே என்பவர் 1830-இல் ஒரு தையல் யந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். பிழைப்புப் போய்விடுமென்று அஞ்சிய பாரிஸ் தையற்காரர்கள் அவருடைய யந்திரங்களை அடித்து நொறுக்கினார்கள். அமெரிக்காவில் எலியாஸ் ஹோ 1846-இலும் ஐசக் சிங்கர் 1851-இலும் உரிமை பெற்றார்கள். சிங்கர் கம்பெனியார் தவணை முறையைப் புகுத்திய பிறகு அந்த யந்திரம் உலகமெங்கும் பரவியது. நம் நாட்டில் அது முதலில் குடியேறிய இடம் பெரும்பாலும் வீட்டுக் கூடமன்று, கடைத்தெருவில் ஆண் தையற்காரர் உட்கார்ந்திருந்த திண்ணை. யந்திர நாகரிகத்தைக் கண்டித்த காந்தியடிகள் 1924-இல் ஜி. ராமச்சந்திரன் கேட்ட கேள்விக்கு விடையளிக்கையில், சிங்கர் யந்திரம் ஒன்றுக்கு மட்டும் விதிவிலக்கு அளித்தார். மனைவி படும் பிரயாசையைக் கண்டு இரங்கிய அன்பிலிருந்து அது பிறந்தது என்பது அவர் சொன்ன காரணம். 1930களில் கல்கத்தாவில் ஜெய் இன்ஜினீயரிங் ஸ்தாபனத்தார் உஷா யந்திரத்தைச் செய்யத் தொடங்கிய பின்னரே, சுதேசி மிஷின் ஒன்று நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டும் தூரத்தில் வந்தது.

இனி நம் புறநகருக்கு வருவோம். ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856-இல் போடப்பட்ட ரயில் பாதை அம்பத்தூரையும் ஆவடியையும் தொட்டுக்கொண்டே சென்றதென்றாலும், அதன்பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு வரை இவை ஏரியும் வயலும் தோப்பும் சூழ்ந்த கிராமங்களாகவே இருந்தன. இரண்டாம் உலக யுத்தத்தில் ஆவடி ராணுவத்தின் கைக்குப் போயிற்று. 1955-இல் காங்கிரஸ் மகாசபை அங்கே கூடிச் சோஷலிச பாணிச் சமுதாயத்தைத் தீர்மானித்தபோது தேசமே அவ்வூரின் பெயரைக் கேட்டது. 1961-இல் ராணுவ உடைத் தொழிற்சாலை அங்கே ஏற்பட்டது. இன்றும் ஜனங்கள் அதை ஆங்கிலப் பெயரின் சுருக்கமான ஓ.சி.எஃப். என்றே வழங்குகிறார்கள். 1965-இல் விஜயந்தா டாங்கி வெளிவந்த கனரக வாகனத் தொழிற்சாலையின் கீர்த்தியில் இது சற்றே மங்கினாலும், சிப்பாய் உடுத்தும் சட்டையும் கால்சட்டையும் ஆவடியில் தைக்கப்பட்டன என்பது டாங்கிக்கு எவ்விதத்திலும் குறைந்த செய்தியாகாது. உத்தரப் பிரதேசத்து ஷாஜகான்பூரில் 1914 முதல் நடந்துவந்த உடைத் தொழிற்சாலையின் இளைய சகோதரம் என்று இதைச் சொல்லலாம்.

பெரும் தொழிற்சாலையின் தையல் வீட்டுத் தையலுக்கு முற்றும் மாறான சுபாவமுடையது. துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலடுக்கில் மட்டும் கோடிட்டு, மின்சாரக் கத்தியால் ஒரே சமயத்தில் அறுக்கிறார்கள்; கழுத்துப் பட்டியை ஒருவர், கையை ஒருவர், பையை ஒருவர், காஜாவை ஒருவர் என்று வேலை பிரிந்துவிடுகிறது. முழுச் சட்டை எவருடைய சட்டையும் அன்று.

1960களில் ஆர். வெங்கட்ராமன் தொழில் மந்திரியாக இருந்த காலத்தில் உருவான அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் பின்னர் இதே முறை வந்து சேர்ந்தது. 1974-இல் பலவகை நூலிழை ஒப்பந்தம் அமலுக்கு வந்து, எந்த நாடு எவ்வளவு துணிமணி ஏற்றுமதி செய்யலாம் என்று பணக்கார தேசங்கள் வரம்பு கட்டியபோது, அந்த வரம்புக்குள் கிடைத்த பங்கை நம்பி எழுந்த கம்பெனிகள் பல. ஊரின் பெயரையே தன் பெயராகக் கொண்ட அம்பத்தூர் குளோதிங் அவற்றுள் பிரசித்தமானது. ‘எக்ஸ்போர்ட் கம்பெனி’ என்றால் திருமுல்லைவாயிலிலும் பட்டாபிராமிலும் கேட்பவருக்குப் புரியும். பவர் மிஷினும் ஓவர்லாக்கும், மிஷின் வரிசையைக் குறிக்கும் ‘லைன்’ என்ற சொல்லும் அங்கிருந்துதான் வீட்டுப் பேச்சில் புகுந்தன. ஆனால் நாள் முழுதும் காலர் தைத்தே பழகிய பெண், தன் ரவிக்கையைத் தெருமுனை டெய்லரிடம் கொடுத்துக் கூலி கொடுத்து வாங்குவதை இந்தப் புறநகரில் எவரும் விநோதமாகக் கொள்வதில்லை. தையல் தொழில் இவ்வளவு தழைத்த இடத்தில் தையல் வித்தை அதனால் தழைக்கவில்லை என்பதே என் கட்சி.

அந்த வித்தையைக் காப்பாற்றியது தையல் வகுப்பு. விடுதலைக்குப் பின் சென்னை ராஜ்யத்தில் மாதர் சங்கங்கள் கிராமந்தோறும் எழுந்தபோதும், துர்காபாய் தேஷ்முக் தலைமையில் 1953-இல் மத்திய சமூக நல வாரியம் அமைந்து தொண்டு ஸ்தாபனங்களுக்குப் பொருளுதவி செய்தபோதும், பெண்களுக்கான கைத்தொழில் என்றவுடன் முதலில் எண்ணப்பட்டது தையலே. அரசாங்கத் தேர்வுத் துறையார் ஓவியத்துக்கும் சங்கீதத்துக்கும் நடத்துவதுபோலத் தையலுக்கும் கீழ்நிலை, மேல்நிலை என்று இரு படிகளில் தொழில்நுட்பப் பரீட்சை நடத்துகிறார்கள். அதில் தேறிப் பயிற்சியும் முடித்தவர் பள்ளிக்கூடத்தில் தையல் ஆசிரியை ஆகலாம். இந்தப் பரீட்சைக்குரிய பாடக்கிரமம், பரீட்சை எழுத எண்ணாதவரிடமும் பரவியது. ஒரு வீட்டு முன்னறையில் இரண்டு மூன்று கால் மிஷின்கள், வாசலில் ஒரு பலகை, சாப்பாட்டு வேலை முடிந்து மத்தியானம் வந்துசேரும் மாணவிகள் என்று, மேற்குப் புறநகரின் தொழிலாளர் குடியிருப்புகளில் இந்த வகுப்புகள் நடந்தன.

அங்கே கற்பிக்கும் ஒழுங்கு கவனிக்கத் தக்கது. ஊசியில் நூல் கோக்காமல், கோடிட்ட காகிதத்தின்மேல் மிஷினை ஓட்டச் சொல்வார்கள்; கால் ஒருசீராக மிதித்துப் பழகும்வரை சக்கரம் பின்புறமாகச் சுழன்றுகொண்டே இருக்கும். ஊசித்துளைகள் கோட்டைவிட்டு விலகாத நாள் வந்தால்தான் பாபினில் நூல் சுற்றலாம். பிறகு கைத்தையல்: ஓட்டுத் தையல், பின் தையல், சங்கிலித் தையல், ஹெம்மிங், காஜா. அதன்பின் குழந்தைக்குரிய ஜப்லா, பெட்டிக்கோட், கவுன், பாவாடை என்று ஏறி, கடைசியில்தான் ரவிக்கை. ஒவ்வொன்றையும் நோட்டில் கால் அளவில் வரைந்து, பழுப்புக் காகிதத்தில் வெட்டி ஒட்டிய பின்னரே துணியில் கத்தரிக்கோல் படலாம். மார்புச் சுற்றளவை நான்கால் வகுத்து, தளர்ச்சிக்கும் தையலுக்கும் இடம் கூட்டி, கழுத்தின் ஆழத்தையும் கைக்குழியின் வளைவையும் குறிக்கும் இந்தக் கணிதத்தைப் பள்ளிக்கூடத்தில் கணக்குக்கு அஞ்சியவர்கள் அநாயாசமாகச் செய்ததை நான் கண்டிருக்கிறேன்.

இதில் மற்றொரு நன்மையும் உண்டு. நம் ஊர் டெய்லர் பெண்களின் உடம்பை அளப்பது அபூர்வம். கூச்சத்தை முன்னிட்டு அளவு ரவிக்கை என்று பழையதொன்றைக் கொடுத்துவிடுவதே சம்பிரதாயம். பழையதில் தோள் இறங்கியிருந்தால் புதியதிலும் இறங்கும். பிசகு வருஷக்கணக்காகத் தொடரும். தையல் வகுப்புக்குப் போன பெண்ணுக்கு, டேப்பைத் தன் மேலேயே வைத்து, தன் உடம்பின் உண்மையான அளவை முதன்முதலாக எழுதிக்கொள்ளும் சந்தர்ப்பம் வாய்க்கிறது.

பின்னாளில் அரசாங்கமும் கை கொடுத்தது. சத்தியவாணி முத்து அம்மையார் நினைவாக ஏழைப் பெண்களுக்கு இலவசத் தையல் யந்திரம் வழங்கும் திட்டம் நடக்கிறது. மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கத்தார் பள்ளிப் பிள்ளைகளின் சீருடையைத் தைக்கிறார்கள். பெரிய ஸ்தாபனங்களின் நிலைமையோ மாறிக்கொண்டே வந்தது. 2004-ஆம் ஆண்டின் முடிவோடு ஏற்றுமதி வரம்புகள் நீங்கிப் போட்டி கடுமையாயிற்று. 2021 அக்டோபர் முதல் தேதி படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டபோது, ஆவடி உடைத் தொழிற்சாலை கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ட்ரூப் கம்போர்ட்ஸ் கம்பெனியின் கீழ் போயிற்று. தெரு வகுப்புகளுக்கோ சுடிதாரும் நைட்டியும் புதிய பாடங்களாக வந்து சேர்ந்தன. நைட்டி தைத்தே குடும்பச் செலவில் ஒரு பகுதியைச் சமாளிக்கும் பெண்கள் இந்தப் பக்கத்தில் ஏராளம்.

புதிதாகக் கற்க விரும்பும் வாசகருக்கு ஒரு வார்த்தை. எடுத்த எடுப்பில் ரவிக்கையைத் தொடாதீர்கள். டாட் என்னும் மடிப்பைப் பிடிப்பதும் கைக்குழியில் கையைச் சுருக்கமின்றிப் பொருத்துவதும் அனுபவசாலிகளையே அலைக்கழிக்கும். பருத்தித் துணியை ஒருமுறை நனைத்துக் காயவைத்து, அது சுருங்குமளவு சுருங்கிய பின், நாடா கோத்த உள்பாவாடை ஒன்றை நேர்த் தையலில் தைத்து முடியுங்கள். அடுத்தது நைட்டியாக இருக்கட்டும். அதற்குப் புதுத் துணி வாங்கவும் வேண்டாம், பழைய சேலை போதும்.