ஹெரால்டு பானெட்டும் மண்ணெண்ணெய் பிரஷ்ஷும்

பழைய கார் எஞ்சினைச் சுத்தம் செய்வது பற்றி எழுத உட்கார்ந்து, மெட்ராஸில் தயாரான ஒரு காரின் சரித்திரத்தில் போய் நிற்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள் மக்களே :-)

ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. அம்பாசடர், ஃபியட் அளவுக்கு யாரும் இதை நினைப்பதில்லை. இங்கிலாந்தில் 1959ல் டிரையம்ஃப் ஹெரால்டு என்று வந்தது. 1961ல் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் இங்கே தயாரிக்க ஆரம்பித்தது. 948 சிசி எஞ்சின். வடிவம் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர் கைவண்ணம்.

இதன் விசேஷமே பானெட்தான். மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து ஒரே துண்டாக முன்பக்கமாகக் கவிழும். எஞ்சினோடு முன் சஸ்பென்ஷனும் வெளியே தெரியும். மெக்கானிக் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். அந்தக் காரே துண்டு துண்டாகப் பிறந்ததற்கு ஒரு வியாபாரக் காரணம் உண்டு. கம்பெனிக்கு பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோவை 1953ல் போட்டிக் கம்பெனியான பிஎம்சி வாங்கிவிட்டது. முழு பாடி அடித்துத் தர ஆள் இல்லை. அதனால் தனி சேசிஸ், அதன்மேல் போல்ட் போட்டு மாட்டும் பாடி. வெளிநாட்டுக்குப் பெட்டியில் அனுப்பி அங்கே பூட்டவும் அதுவே வசதியாகிவிட்டது. ஒரே சப்ளையரை நம்பாதே என்று எங்கள் பி.காம். புத்தகம் பக்கம் பக்கமாகச் சொல்வது இதைத்தான்!

1972ல் கஸெல் வந்தது, 1985ல் ஸ்டாண்டர்ட் 2000 வந்து தோற்றது, கொஞ்ச வருடத்தில் கார் தயாரிப்பே நின்றுபோனது. ஆக, இன்று ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் மூடி கெட்டால் ஷோரூமில் போய்க் கேட்க முடியாது. கணக்குப் புத்தகத்தில் தேய்மானம் போட்டுப் போட்டு மதிப்பு சுத்தமாகக் கரைந்த காருக்கு, ஒரு சின்ன மூடி தங்க விலை.

இந்தக் காரை வாட்டர் சர்வீஸில் விட்டால் பிரஷர் பம்ப்பை நேராகப் பிடிக்கிறார்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஈரம் போனால் ஸ்பார்க் வராது. டைனமோவுக்குள் தண்ணீர் போகும், கார்புரேட்டருக்குள்ளும் போகும். எஞ்சின் சூடாக இருக்கும்போது குளிர்ந்த தண்ணீர் பட்டால் வார்ப்பிரும்பு விரிசல் விடவும் வாய்ப்புண்டு.

பழைய வழி மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும்தான். எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். முதலில் பேட்டரியின் எர்த் கேபிளைக் கழற்றுங்கள் (அந்தக்கால பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த், பார்த்துக் கழற்றவும்). டிஸ்ட்ரிபியூட்டர், டைனமோ, கார்புரேட்டர் வாய் மூன்றையும் பாலிதீன் கவரால் கட்டுங்கள். கீழே ஒரு தட்டு வையுங்கள், அழுக்கு எண்ணெய் மண்ணில் இறங்கக் கூடாது. பிரஷ்ஷால் ஊறவைத்துத் தேய்த்து, பழைய துணியால் துடைத்துவிடலாம். பெட்ரோல் வேண்டவே வேண்டாம், பக்கத்தில் பீடி சிகரெட்டும் வேண்டாம்.

அலசித்தான் ஆக வேண்டும் என்றால் தண்ணீரைக் கவனியுங்கள். அணைக்கட்டிலிருந்து பாலாற்றுப் பக்கம் போனால் தோல் பதனிடும் கழிவால் நிலத்தடி நீர் உப்பேறிய ஊர்கள் பல. 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் டேனரிகளுக்கு ஆளுக்கு 10,000 ரூபாய் அபராதம் போட்டது இந்த விவகாரத்தில்தான். அந்த மாதிரி போர் தண்ணீர் காய்ந்தால் அலுமினியத்தில் வெள்ளைப் பூச்சு, டெர்மினலில் பச்சை. மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் ஒரு வாளி போதும்.

மண்ணெண்ணெய் வாடை முழுக்கப் போனபிறகு கவர்களை எடுத்து, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்பக்கம் துடைத்து, எர்த்தை மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு பானெட்டைக் கவிழ்த்துப் பாருங்கள். சுத்தமான இரும்பில் புதிதாக ஓர் எண்ணெய்க் கோடு இறங்கியிருந்தால், எந்த கேஸ்கெட் போயிருக்கிறது என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.