பேர்லயே சென்னை இருக்கற வைரஸ்

நம்ம பெருந்துறை சானடோரியம் தெரியுமில்லைங்க? டிபிக்கு மருந்து வர்றதுக்கு முன்னாடி, சானடோரியங்கள்ல நல்ல காத்து, ஓய்வு, சாப்பாடு, இதுதான் வைத்தியமே. அப்புறம் மருந்து வந்துச்சு. ஆனா டிபி கிருமியோட சொந்தக்காரன் ஒருத்தன், மைக்கோபாக்டீரியம் அப்செசஸ், இன்னைக்கும் மருந்துக்கு லேசுல அடங்கறதில்ல.

2017, லண்டன். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் இருந்த 15 வயசுப் பொண்ணு. பல வருஷமா இந்தத் தொற்று. ரெண்டு நுரையீரலையும் மாத்தின பிறகும் கிருமி உடம்பெல்லாம் பரவிடுச்சு. டாக்டர்கள் அமெரிக்காவுல கிரஹாம் ஹாட்ஃபுல்கிட்ட உதவி கேட்டாங்க. அவர்கிட்ட இருந்தது ஃபேஜ், அதாவது பாக்டீரியாவை மட்டும் தாக்கற வைரஸ்.

மூணு ஃபேஜ் தேறுச்சு. ஒண்ணு, தென்னாப்பிரிக்காவுல அழுகின கத்திரிக்காய்ல கிடைச்சது. மத்த ரெண்டும் பாக்டீரியாவைக் கொல்லாம அதுக்குள்ளயே போய்த் தூங்கிடற வகை. அந்தத் தூக்கத்துக்கான ஜீனை டெலீட் பண்ணணும்.

எந்த டூல்ல பண்ணினாங்க? 'சே9சி'ங்கற ஃபேஜோட ரெண்டு புரதங்களை வச்சு. 'சே'ன்னா சென்னை! அங்க கண்டெடுத்த இந்த ஃபேஜோட ஜீனோம் 2003லயே வெளியாயிடுச்சு. இது ஒரு நாள் ஒரு நோயாளிக்கு உதவும்னு அப்போ யாருக்குத் தெரியும்?

சில மாசத்துல பொண்ணுக்குப் புண் ஆறுச்சு, ஈரல் தேறுச்சு. கிருமி முழுசா ஒழிஞ்சதுன்னு சொல்ல முடியாது. ஆனா வீட்டுக்குப் போனா.

யாரோ எழுதி வச்ச லைப்ரரி பல வருஷம் கழிச்சு நம்ம ப்ராஜெக்டைக் காப்பாத்தும் இல்லையா? அது மாதிரிதாங்க இதுவும்.