சுவடியும் புகைக்குழாயும்

ஓலைச்சுவடியின் ஆயுள் குறைவு என்பதை நாம் அறிவோம். நம் நாட்டு வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் கரையானுக்கும் தப்பி ஓர் ஏடு சில நூற்றாண்டுகள் நிற்பதே அரிது. ஆகவே, பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதினார்கள். இன்று நம் கையிலிருக்கும் சங்க நூல்கள் எல்லாம் படிகளின் படிகளே. உ. வே. சாமிநாதையர் போன்றோர் பல படிகளை ஒப்பிட்டுப் பாடம் தேர்ந்ததும் அதனால்தான். மோட்டார் சைக்கிளைப் பற்றிய கட்டுரைக்கு இது என்ன பாயிரம் என்று வாசகர் கேட்கக்கூடும். பழைய நான்கு சிலிண்டர் வண்டியிலும் ஏட்டின் இயல்பு கொண்ட உறுப்பு ஒன்று உண்டு. புகைக்குழாயும் அதன் முனையிலுள்ள சைலன்சருமே அது.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாகப் பிறக்கிறது. வண்டியைச் சிறிது தூரம் ஓட்டி நிறுத்திவிட்டால், அந்த ஆவி குளிர்ந்து சைலன்சருக்குள்ளேயே தங்கிவிடும். புகையிலுள்ள அமிலத்தோடு சேர்ந்து தகட்டை உள்ளிருந்தே அரிக்கும். வெளியே குரோமியப் பூச்சு பளபளத்துக்கொண்டிருக்க, உள்ளே தகடு தாளாகியிருக்கும். ஐம்பதாண்டு கண்ட வண்டியொன்று தன் பிறவிச் சைலன்சரோடு ஓடுவது அரிது. ஆக, குழாயை மாற்றலாமா என்பது இங்கே கேள்வியே அல்ல, மாற்றியே தீரவேண்டும். படியெடுப்பவன் எதைக் காக்கவேண்டும் என்பதுதான் கேள்வி.

1968இல் டோக்கியோ கண்காட்சியில் காட்டப்பட்டு, 1969இல் விற்பனைக்கு வந்தது ஹோண்டா சிபி750. நான்கு சிலிண்டர் மோட்டார் சைக்கிள்கள் அதற்கு முன்பும் இருந்தன. எனினும், பெருந்தொகையில் உற்பத்தியாகிச் சாமானியரின் கைக்கு எட்டிய முதல் வண்டி அதுவே எனலாம். சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு குழாய்கள், நான்கு சைலன்சர்கள். பார்ப்பவர் கண்ணில் 'நான்கு' என்பது பதியவேண்டும் என்பதற்கு அதைவிட வேறு விளம்பரம் தேவையில்லை. நான்கும் துருப்பிடித்தால் நான்கையும் வாங்கவேண்டும் என்ற சங்கடமும் அதனுடனேயே வந்தது.

புகைக்குழாய் வெறும் வடிகால் அன்று. வால்வு திறந்ததும் வெளிப்படும் புகை ஓர் அழுத்த அலையாகக் குழாயில் ஓடுகிறது. குழாய் திடீரென விரியும் இடத்தை அடைந்ததும் அவ்வலை உறிஞ்சும் அலையாக மாறித் திரும்புகிறது. புகை வால்வும் காற்று வால்வும் ஒருசேரத் திறந்திருக்கும் கணப்பொழுதில் அது வந்து சேர்ந்தால், எஞ்சிய புகையை வெளியே இழுத்துப் புதிய கலவைக்கு இடம்கொடுக்கும். தவறினால் கேடு செய்யும். அந்தக் காலக்கணக்கை முடிவுசெய்வது குழாயின் நீளமும் விட்டமுமே. நான்கு குழாய்களை ஒன்றில் சேர்த்தால், ஒரு சிலிண்டரின் அலை அடுத்த சிலிண்டருக்கும் உதவும்படி அமைக்கலாம்.

இதைச் செய்துகாட்டியவர் ஹிதேயோ யோஷிமுரா. 1922இல் ஜப்பானின் ஃபுகுவோக்காவில் பிறந்தவர். போர்க்காலத்தில் விமானங்களில் பொறியாளராகப் பணியாற்றியவர். போருக்குப் பின் அங்கிருந்த அமெரிக்கப் படைவீரர்களின் மோட்டார் சைக்கிள்களைச் செப்பம் செய்து பெயர்பெற்றார். 1971இல் அமெரிக்கப் பந்தயக் களத்தில் சிபி750க்கு அவர் பொருத்திய 'நான்குக்கு ஒன்று' குழாய் எடையைக் குறைத்தது, வளைவில் வண்டி சாயும்போது தரையில் உரசாமல் ஒதுங்கியது, ஆற்றலையும் கூட்டியது. 1975இல் ஹோண்டாவே தன் சிபி400 எஃப் வண்டியைத் தொழிற்சாலையிலேயே நான்குக்கு ஒன்று குழாயோடு விற்றது. இடைச்செருகலாக வந்தது மூலபாடமாகிவிட்டது!

இனி நம் சென்னையின் மேற்குப் புறநகருக்கு வருவோம். இங்கே குழாய் புதிய பொருள் அன்று. 1949இல் அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸ் தோன்றியது. 1955இல் ஆவடியில் டியூப் ப்ராடக்ட்ஸ் நிறுவனம் எஃகுக் குழாய் செய்யத் தொடங்கியது. 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை எழுந்தது. தகடு வளைக்கவும் குழாய் பற்றவைக்கவும் தெரிந்த கைகள் இப்பகுதியில் பெருகின. செங்குன்றத்தைத் தாண்டியிருக்கும் சோழவரத்தில், போர்க்கால விமான ஓடுதளத்தின் மேல் சென்னை மோட்டார் பந்தயக் கழகம் பல பத்தாண்டுகள் பந்தயம் நடத்தியது. பூந்தமல்லிக்கு மேற்கே இருங்காட்டுக்கோட்டையில் நிலையான களம் 1990இல் திறக்கப்பட்டது.

அந்நாளில் நான்கு சிலிண்டர் வண்டியை இங்கே காண்பதே அரிது. இறக்குமதிக் கதவு 800 சிசிக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள்களுக்குச் சற்றே திறந்தது 2007இல்தான். நம் களங்களில் உறுமியவற்றுள் பெரும்பாலானவை சிறிய டூ ஸ்ட்ரோக் வண்டிகள். அவற்றின் குழாய் இன்னும் நுட்பமானது: நடுவில் உப்பிப் பின் சுருங்கும் கூம்புகளாலானது. கூம்பின் நீளம் சற்று மாறினாலும் எஞ்சின் வலுக்கொள்ளும் வேகம் மாறிவிடும். களத்தில் அதை அளந்து செய்தார்கள். தெருவுக்கு இறங்கியபோதோ அளவு களத்திலேயே தங்கிவிட, ஓசை மட்டும் வந்துசேர்ந்தது. சைலன்சரின் உட்தடுப்பை உடைத்தெறிவதே வேகம் என்று இளைஞர் நம்பினர். சி.டி.எச். சாலையோரம் நள்ளிரவில் தூக்கம் கலைந்து எழும் நோயாளிக்கும் குழந்தைக்கும் இந்த வரலாற்றில் இடமில்லையா என்ன?

முறையாகப் பொருத்துவது பொறுமையின் வேலை. பழைய அலுமினியத் தலையில் இறுகிப்போன ஸ்டட்டுகளைத் துரு நீக்கும் எண்ணெயிட்டு, ஊறவைத்து, மெல்லச் சூடாக்கி எடுக்கவேண்டும், அவசரப்பட்டால் ஒடியும். துளைவாயில் புதிய செப்பு வளையம் வேண்டும். எல்லா ஆணிகளையும் தளர்வாக மாட்டி, குழாய் இயல்பாக அமர்ந்த பின்னரே முறுக்கவேண்டும். குழாய் மாறினால் கார்புரேட்டரின் ஜெட்டும் மாறவேண்டி வரும். இல்லையேல் கலவையில் பெட்ரோல் குறைந்து, எஞ்சின் சூடேறி, பிஸ்டனே உருகக்கூடும். பிளக்கின் முனை வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, கறுத்திருந்தால் மிகுதி, இளம்பழுப்பாயிருந்தால் சரி.

சட்டமும் இதில் தலையிடுகிறது. 175 சிசிக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையை விட்டு வெளிவரும்போது 80 டெசிபலைத் தாண்டலாகாது என்பது 2005 முதல் உள்ள வரம்பு. ஒலி, புகை விதிகளை மீறி வண்டி ஓட்டினால் 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ விதிக்க 2019ஆம் ஆண்டுத் திருத்தம் இடமளிக்கிறது. மறுபுறம், ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளைத் தொன்மை வாகனமாகப் பதிவதற்கான விதிகள் 2021 ஜூலையில் வந்தன. மூல வடிவில் பேணப்பட்டிருக்கவேண்டும். சட்டகத்திலோ உடற்கூட்டிலோ எஞ்சினிலோ மாற்றம் செய்திருக்கக்கூடாது என்பது நிபந்தனை. புகைக்குழாய் எஞ்சினின் உறுப்பா, இல்லையா? சிபி750இல் திரிபாக இருக்கும் நான்குக்கு ஒன்று குழாய், 2025இல் ஐம்பதைத் தொட்ட சிபி400 எஃப் வண்டியில் மூலமாகவே இருக்கிறதே!

நம் கருத்தில், அது எஞ்சினின் உறுப்புதான். ஆகவே அதைப் படியெடுப்பவனுக்குப் பதிப்பாசிரியனின் பொறுப்பு உண்டு. பழைய குழாயைக் குப்பையில் எறியுமுன் அதன் நீளத்தையும் விட்டத்தையும் உட்தடுப்புகளின் அமைப்பையும் அளந்து ஒரு நோட்டில் குறித்துவைப்பது குறைந்தபட்சக் கடமை. அம்பத்தூரின் சிறு பட்டறைகளில் குழாய் வளைத்த கைகள் முதுமையெய்திவருகின்றன. அவர்களறிந்த அளவுகள் ஏட்டில் ஏறாமற்போனால், அடுத்த தலைமுறைக்கு எஞ்சப்போவது ஓசை மட்டுமே.