கூலிக்கு ஆடியவர்

ஸ்காட்லாந்தின் பழைய கால்பந்துப் பதிவேட்டைப் புரட்டினால் வால்டர் ஆர்னட் என்ற பெயருக்கு எதிரே 14 சர்வதேச ஆட்டங்கள் குறிக்கப்பட்டிருக்கும். அவரோடு ஏறக்குறைய ஒரே வயதுக்காரரான நிக் ராஸின் பெயரோ அந்தப் பட்டியலிலேயே கிடையாது. இருவரும் பின்களத்தில் நின்று எதிரணியைத் தடுத்தவர்கள். 1880களில் சிறந்த தடுப்பாட்டக்காரர் யார் என்று பேச்செடுத்தபோதெல்லாம் இருவர் பெயரும் அடிபட்டன. ஆர்னட் கிளாஸ்கோவின் குவீன்ஸ் பார்க் சங்கத்துக்குக் காசு வாங்காமல் ஆடினார். ராஸ் இங்கிலாந்தின் பிரஸ்டன் நகரத்துக்குப் போய்ச் சம்பளத்துக்கு ஆடினார். பதினான்குக்கும் பூஜ்யத்துக்கும் இடையிலுள்ள தூரத்தை விளக்கத் திறமையைத் தேட வேண்டியதில்லை, அந்தச் சம்பளமே போதும் என்பது என் வாதம். நாட்டுக்காக எத்தனை முறை ஆடினார் என்ற எண்ணிக்கையால் ஒரு வீரரை அளக்கும் வழக்கம் இன்றும் நம்மிடம் இருக்கிறது. அந்த அளவுகோல் தொழில்முறை ஆட்டத்தின் முதல் தலைமுறையை அப்படியே விழுங்கிவிடுகிறது.

ராஸ் எடின்பரோவில் பிறந்தவர். வீட்டுக் கூரைகளுக்குக் கற்பலகை வேயும் தொழிலாளி. இருபது வயதிலேயே உள்ளூர் ஹார்ட்ஸ் அணிக்குத் தலைவர். 1883இல் பிரஸ்டனுக்குக் குடிபெயர்ந்தார். அங்கே பருத்தி ஆலை மேலாளரான வில்லியம் சட்டெல், பிரஸ்டன் நார்த் எண்ட் என்ற அணியை இங்கிலாந்தின் தலைசிறந்த அணியாக்கியே தீருவது என்ற வெறியில் இருந்தார். அவர் கண் ஸ்காட்லாந்தின் மேல் விழுந்ததற்குக் காரணம் உண்டு. ஆங்கிலேயர்கள் பந்தைக் காலோடு ஒட்டவைத்துக்கொண்டு ஆளாளுக்குத் தனியாக முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள். ஸ்காட்லாந்துக்காரர்களோ பந்தை ஒருவருக்கொருவர் கடத்தி ஆடும் கூட்டாட்டத்தைக் கைவசப்படுத்தியிருந்தார்கள். தெற்கே வந்த அவர்களைப் ‘பேராசிரியர்கள்’ என்றே ஆங்கிலேயர்கள் அழைத்தார்கள். லங்காஷயர் ஆலை நகரங்களுக்கு அந்த வித்தை தேவைப்பட்டது, விலை கொடுத்து வாங்கிக்கொண்டன. வெளிக்கு ஆலையிலோ பட்டறையிலோ ஒரு வேலை. உள்ளுக்குள் ஆட்டத்துக்குக் கூலி. இந்த நாடகம் ஊரறிந்த ரகசியம்.

தடுப்பாட்டக்காரருக்கு எதற்கு இவ்வளவு கிராக்கி என்று இன்றைய ரசிகருக்குத் தோன்றலாம். அன்றைய அணியில் பின்களத்தில் நின்றவர்கள் இரண்டே பேர். அவர்களுக்குப் பின்னால் கோல் காப்பாளர் மட்டும்தான். அவரையும் தோளால் இடித்துச் சாய்க்க விதி இடம் கொடுத்தது. பெனால்டி உதை என்பதே 1891 வரை கிடையாது. ஆஃப்சைடு விதியும் வேறு மாதிரி. முன்னே நிற்கும் ஆட்டக்காரருக்கும் கோல் கோட்டுக்கும் நடுவே எதிரணியினர் மூன்று பேராவது இருந்தாக வேண்டும். 1925 வரை இதுதான் சட்டம். ஆகவே இரண்டு பின்கள ஆட்டக்காரர்களில் ஒருவர் சரியான நொடியில் நாலடி முன்னேறினால் எதிரணியின் முன்வரிசை முழுவதும் செயலிழந்துபோகும். நொடி தப்பினால் கோல். வலுவான உடம்பு மட்டும் இதற்குப் போதாது. களத்தைப் படிக்கும் புத்தி வேண்டும், பக்கத்தில் நிற்பவரையும் அப்படிப் படிக்கப் பழக்க வேண்டும். ராஸை அணித்தலைவராகவும் வைத்துக்கொண்ட சட்டெல் தான் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்று தெரிந்தே கொடுத்தார்.

1884 ஜனவரியில் குட்டு வெளிப்பட்டது. எஃப்.ஏ. கோப்பை ஆட்டத்துக்குப் பிறகு லண்டனைச் சேர்ந்த அப்டன் பார்க் அணி, பிரஸ்டன் கூலிக்கு ஆள் பிடிக்கிறது என்று புகார் கொடுத்தது. மறுத்து மழுப்பியிருக்கலாம். சட்டெலோ, ஆமாம், எல்லோரும் செய்வதைத்தான் நாங்களும் செய்கிறோம் என்று ஒப்புக்கொண்டார். பிரஸ்டன் கோப்பையிலிருந்து விலக்கப்பட்டது. வடக்கத்திய அணிகள் தனிச் சங்கம் தொடங்குவோம் என்று மிரட்டின. பிளவுக்கு அஞ்சிய இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் 1885 ஜூலையில், நிபந்தனைகளோடு, சம்பள ஆட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. ஸ்காட்லாந்துச் சங்கம் இதற்கு நேர் எதிர்த்திசையில் நடந்தது. இங்கிலாந்தில் கூலிக்கு ஆடும் தன் நாட்டாரைப் பட்டியலிட்டுத் தடை விதித்தது. தேசிய அணியின் கதவு அவர்களுக்கு அடைபட்டது. 1887இல் தன் உறுப்பு அணிகள் ஆங்கிலேயரின் கோப்பையில் ஆடுவதையும் நிறுத்தியது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 1886 அக்டோபரில், கிளாஸ்கோவில் பிரஸ்டனும் குவீன்ஸ் பார்க்கும் மோதிய கோப்பை ஆட்டத்தில் ரகளை நடந்திருந்தது. நிக்கின் தம்பி ஜிம்மி ராஸ் உள்ளூர் வீரர் ஒருவரை முரட்டுத்தனமாகத் தாக்கினார் என்று கூட்டம் கொதித்தது. அவரை ரகசியமாக வெளியே கொண்டுபோக வேண்டியிருந்தது. காசுக்காக எல்லை தாண்டிப் போனவன், இப்போது நம் பிள்ளையையே உதைக்கிறான் என்ற ஆத்திரமும் அந்தக் கொதிப்பில் கலந்திருந்திருக்கும்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். விதி எல்லோருக்கும் ஒன்றுதானே, தெரிந்தே பணத்தைத் தேர்ந்தெடுத்தவர் அதன் விளைவையும் ஏற்க வேண்டாமா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, ஆனால் விதி எல்லோர் மேலும் ஒரே கனத்தில் விழவில்லை. மாலையில் காசு வாங்காமல் ஆட வேண்டுமென்றால் பகலில் வசதியான பிழைப்பு இருக்க வேண்டும். கூரை வேய்கிறவனுக்கு அரைநாள் வேலை போனால் அரைநாள் கூலி போகும். கால் முறிந்தால் அடுப்பு எரியாது. தவிர, ஸ்காட்லாந்தில் யாரும் பணம் வாங்கவில்லை என்பதும் உண்மையல்ல. ராஸ் கிளம்பிப்போன மறு ஆண்டே, 1884இல், அவருடைய பழைய ஹார்ட்ஸ் அணி இரண்டு வீரர்களுக்கு வாரத்துக்கு 26 ஷில்லிங் கொடுத்ததாகப் பிடிபட்டு இடைநீக்கம் செய்யப்பட்டது. ஊருக்குள் மறைவாக வாங்கியவர்கள் பிடிபடாதவரை தூய்மையானவர்கள். எல்லை தாண்டி வெளிப்படையாக வாங்கியவர் குற்றவாளி. விதி தண்டித்தது கூலியை அல்ல, ஒளிவுமறைவு இல்லாமையை என்றே எனக்குப் படுகிறது.

இதைவிட வலுவான இன்னோர் ஆட்சேபமும் உண்டு. 1888இல் பன்னிரண்டு அணிகளோடு ஃபுட்பால் லீக் தொடங்கியது. அந்த முதல் பருவத்தில் பிரஸ்டன் 22 ஆட்டங்களில் 18ஐ வென்றது, நான்கைச் சமன் செய்தது, ஒன்றில்கூடத் தோற்கவில்லை. போதாததற்கு ஒரு கோல்கூட வாங்காமல் எஃப்.ஏ. கோப்பையையும் தட்டிச் சென்றது. அந்தப் புகழ்பெற்ற பருவத்தில் ராஸ் அங்கே இல்லை. மாதம் 10 பவுண்டு என்று சொல்லப்படும் சம்பளத்துக்கு எவர்ட்டனுக்குப் போயிருந்தார். (எவர்ட்டன் அப்போது ஆடிய மைதானம் ஆன்ஃபீல்டு, லிவர்பூல் என்ற அணியே அன்று பிறக்கவில்லை.) எவர்ட்டன் எட்டாம் இடத்தில் முடித்தது. அவர் இல்லாத பிரஸ்டன் 22 லீக் ஆட்டங்களில் வாங்கியது 15 கோல்கள் மட்டுமே. அப்படியானால் ராஸ் மிகையாகப் புகழப்பட்டவரா? இந்தக் கேள்வியைத் தட்டிவிட முடியாது. அவர் இன்றியமையாதவர் அல்ல என்பதை அந்தப் பருவம் காட்டத்தான் செய்கிறது. ஆனால் அவர் இடத்தை நிரப்பியவர்கள் யார்? ஹோவர்த், ஹோம்ஸ் என்ற உள்ளூர் ஆங்கிலேயர்கள். ராஸ் தலைவராக இருந்த அணியில் அவரோடு ஆடி வளர்ந்தவர்கள். பேராசிரியர் என்ற பட்டப்பெயருக்கு ஏதாவது பொருள் இருந்தால் அது இதுவாகத்தான் இருக்க முடியும். இருவருமே இங்கிலாந்துக்காக ஆடினார்கள். இதைவிட விசித்திரம், அதே அணியின் கோல் வேட்டைக்காரர் ஜான் குட்ஆல். ஸ்காட்லாந்துப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்து கில்மார்னக்கில் வளர்ந்த அவரும் இங்கிலாந்துக்காக 14 முறை ஆடினார். பிறந்த ஊர் லண்டனாக அமைந்ததால் அவர் வாங்கிய சம்பளம் பாவமாகவில்லை.

அந்த எவர்ட்டன் பயணத்தைப் பேராசை என்று எழுதுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். பருவம் முடிந்ததும் ஆட்டக்காரர் தனக்குப் பிடித்த அணியோடு புதிதாகப் பேசி முடித்துக்கொள்ளும் உரிமை அன்று இருந்தது. ராஸ் அதைப் பயன்படுத்தி 1888இல் போனார், 1889இல் திரும்பி வந்தார். மறு பருவத்தில் பிரஸ்டன் மீண்டும் பட்டம் வென்றது, இம்முறை அவரும் அணியில் இருந்தார். 1893இல் லீக் கொண்டுவந்த ஏற்பாடு இந்தச் சுதந்திரத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அணி விடுவிக்காத வீரர் வேறெந்த லீக் அணிக்கும் ஆட முடியாது என்றானது. 1901இல் வாரத்துக்கு 4 பவுண்டு என்ற உச்சவரம்பும் வந்து சேர்ந்தது. அது நீங்க 1961 ஆயிற்று. ராஸின் தொழில்வாழ்க்கை, கூலி வாங்குவது குற்றமாக இருந்த காலத்துக்கும், கூலிக்காரனைக் கட்டிப்போட்ட காலத்துக்கும் இடையே கிடைத்த குறுகிய சந்தில் நடந்தது. தன் உழைப்புக்குத் தானே விலை சொல்ல முடிந்த சில ஆண்டுகளை அவர் வீணாக்கவில்லை.

1894 ஆகஸ்டில், 31 வயதில், காசநோயால் இறந்தார். மறு ஆண்டு சட்டெல் ஆலைப் பணத்தைக் கையாடியதற்காகச் சிறை சென்றார். பணத்தில் பெரும்பகுதி அணிக்கே செலவாகியிருந்தது. ஸ்காட்லாந்துச் சங்கம் 1893இலேயே சம்பள ஆட்டத்துக்கு இறங்கிவந்திருந்தது என்றாலும், இங்கிலாந்தில் ஆடுவோரைத் தேசிய அணியில் சேர்க்க இன்னும் தயங்கியது. 1893இல் 5-2, 1895இல் 3-0 என்று இங்கிலாந்திடம் வாங்கிய அடிதான் மனதை மாற்றியது. 1896 ஏப்ரலில் செல்ட்டிக் பார்க்கில் இறங்கிய ஸ்காட்லாந்து அணியில் இங்கிலாந்தில் சம்பளத்துக்கு ஆடிய ஐந்து பேர் இருந்தார்கள். ஸ்காட்லாந்து 2-1 என்று வென்றது. அந்த ஐவரில் பிளாக்பர்ன் ரோவர்ஸின் டாம் பிராண்டனும் ஒருவர். அவர் ஆடிய இடம் பின்களம்.