‘பீஃப்’ சாப்பிடுவீங்களா?

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ வாடகைக்கு வீடு தேடிப் போகிற நம் பிள்ளைகளிடம் ‘நீங்க என்ன ஆளுக?’ என்று இப்போதெல்லாம் எல்லோரும் நேராகக் கேட்பதில்லை. ‘நான்-வெஜ் சாப்பிடுவீங்களா?’ என்று தொடங்குகிறார்கள். ஆமாம் என்றால் அடுத்தது வருகிறது: ‘பீஃபும் உண்டா?’ வன்னியம்பட்டிப் பக்கம் எங்களோடு வேலை செய்யும் இளைஞர்கள் பலர் இதைச் சொல்லியிருக்கிறார்கள். கேட்பது சாப்பாட்டை அல்ல என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும்.

இந்தக் கேள்வியை வீட்டுக்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை. நூறாண்டுக்கு முன்பே அரசாங்கம் கேட்டுவிட்டது. இந்துக்கள் எத்தனை பேர், அந்தக் கணக்கில் தீண்டப்படாதோரைச் சேர்ப்பதா வேண்டாமா என்ற சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆணையராக இருந்த கெய்ட், யார் முழு இந்து, யார் அப்படி அல்ல என்று பிரித்துப் பார்க்கப் பத்துச் சோதனைகளை வகுத்தார். பார்ப்பனரின் மேன்மையை ஏற்கிறார்களா, வேதத்தை ஒப்புக்கொள்கிறார்களா, கோயிலுக்குள் போக முடியுமா, தொட்டால் தீட்டா, பிணத்தைப் புதைக்கிறார்களா என்று போகும் அந்தப் பட்டியலில் இதுவும் இருந்தது: மாட்டிறைச்சி உண்டு, பசுவை வணங்காதவர்களா?

இதைக் கேட்ட ஆட்சியாளர்களுக்கு அதே ‘பீஃப்’ தேசியப் பெருமை. லண்டன் கோபுரத்துக் காவலர்களுக்கே ‘பீஃப் ஈட்டர்’ என்றுதான் பட்டப்பெயர். பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலேயரைக் கேலி செய்வது ‘ரோஸ்பிஃப்’ என்று, அதாவது வறுத்த மாட்டுக்கறி என்று. துரை தின்றால் வீரம். சேரியில் தின்றால் கணக்கெடுப்புப் படிவத்தில் ஒரு குறி.

அந்தச் சொல்லுக்கே ஒரு மேல், கீழ் வரலாறு உண்டு. 1066இல் இங்கிலாந்தைப் பிடித்த நார்மன் பிரபுக்கள் பேசியது பிரெஞ்சு. தொழுவத்தில் மாட்டைப் பார்த்துக்கொண்ட குடியானவனின் சொல் ‘கவ்’. மேசையில் அமர்ந்து தின்ற பிரபுவின் சொல் ‘பீஃப்’. இதை வால்டர் ஸ்காட் தன் ‘ஐவன்ஹோ’ நாவலில் எழுதிப் பிரபலப்படுத்தினார். உண்மை அவ்வளவு நறுக்கென்று இல்லை. உயிருள்ள மாட்டையும் ‘பீஃப்’ என்று நெடுங்காலம் சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் வளர்ப்பவன் ஒரு மொழியிலும் உண்பவன் இன்னொரு மொழியிலும் பேசியது நடந்த கதைதான். இன்னொன்றையும் கவனியுங்கள் தோழர்களே. ‘பீஃப்’ என்பதன் லத்தீன் மூலமான ‘போஸ்’, ஆங்கிலத்தின் ‘கவ்’, சமஸ்கிருதத்தின் ‘கோ’ எல்லாம் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரில் முளைத்தவை. கோமாதாவுக்கும் பீஃபுக்கும் மொழியியலில் ரத்த உறவு!

அண்ணல் அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட ‘தீண்டப்படாதோர்’ நூலில் கெய்ட்டின் அதே பட்டியலைக் கையில் எடுக்கிறார். எடுத்து, கேள்வியைத் திருப்பிப் போடுகிறார். தீண்டப்படாதவர்கள் என்பதால் மாட்டிறைச்சி தின்கிறார்களா, தின்றதால் தீண்டப்படாதவர்கள் ஆக்கப்பட்டார்களா? ஒரு காலத்தில் பார்ப்பனர் உட்பட எல்லோரும் உண்டதுதான், மற்றவர்கள் அதைக் கைவிட்டுப் பசுவைப் புனிதமாக்கிய பிறகும் உண்ண நேர்ந்தவர்களே ஒதுக்கப்பட்டார்கள் என்பது அவர் முடிவு. தீண்டாமை தோன்றிய காலத்தைச் சுமார் கி.பி. 400 என்றும் கணிக்கிறார். இந்த முடிவோடு வாதாடுகிற ஆய்வாளர்கள் உண்டு. நாம் கவனிக்க வேண்டியது, அந்நூலில் செத்த மாட்டையும் அறுத்த மாட்டையும் அவர் ஒன்றாகப் போட்டுக் குழப்பவில்லை என்பதை. செத்த மாட்டைத் தூக்குவது ஊர் சுமத்திய கட்டாயம். 1927இல் மகாடில் அந்த இறைச்சியை விடச் சொன்னது சுயமரியாதைக்காக. காந்தி சொன்னது வேறு: செத்த மாட்டோடு மாட்டிறைச்சியையே விட்டுவிடுங்கள் என்றார். இரண்டையும் ஒரே ‘சீர்திருத்தம்’ என்று பாடம் நடத்துகிறவர்களிடம் இந்த வேறுபாட்டைக் கேளுங்கள்.

சட்டத்துக்கும் வியாபாரத்துக்கும் வரும்போது சொல் மறுபடி உருமாறுகிறது. மகாராஷ்டிரத்தில் 2015இல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தில் பசு, காளை, எருது இறைச்சி குற்றம். எருமை அதில் இல்லை. நம் நாட்டு ஏற்றுமதி விதியும் பசு இனத்து இறைச்சியைத் தடுக்கிறது, எருமை இறைச்சியை அனுமதிக்கிறது. ஆனால் அமெரிக்க வேளாண் துறை தன் கணக்கில் எருமையையும் ‘பீஃப்’ என்றே சேர்ப்பதால், உலகின் பெரிய பீஃப் ஏற்றுமதி நாடுகளில் இந்தியாவும் ஒன்று! டாலர் வரும்போது எருமை, அடி விழும்போது பசு. 2017 மே மாதம் ஒன்றிய அரசு கொண்டுவந்த கால்நடைச் சந்தை விதிகளோ எருமை, ஒட்டகம் வரை எல்லாவற்றையும் மாடு என்ற ஒரே சொல்லுக்குள் அடைத்து, சந்தையில் அறுப்புக்கு விற்கக் கூடாது என்றன. அதற்கு முதலில் இடைக்காலத் தடை விதித்தது நம் மதுரைக் கிளைதான், அதே மே 30 அன்று.

நம் நாக்குக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை ‘கறி எடுத்தோம்’ என்றால் இங்கே ஆட்டுக்கறி என்றுதான் பொருள். மாட்டுக்கு முன்னொட்டு வேண்டியிருக்கிறது. அந்த முன்னொட்டைக் கல்லூரி விடுதியில் சத்தமாகச் சொல்ல முடியாமல்தான் நம் பிள்ளைகள் ‘பீஃப்’ என்கிறார்கள். ஆங்கிலத்தில் சொன்னால் ஹோட்டல் மெனு போலிருக்கிறது, சேரி போலில்லை. அந்தத் தந்திரத்தை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். அடி வாங்காமல் சாப்பிட ஒரு சொல் தேவைப்பட்டது. ஆனால் அகநானூற்றின் 129ஆம் பாடல் மழவர் ஆவைத் தின்றதைக் கூச்சமில்லாமல் சொல்கிறது. அதே மாட்டின் பாலில் செய்த ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்து ஊரே பெருமைப்பட்டது. பாலுக்கு ஊர்ப்பெயர், கறிக்கு இரவல் பெயர்.

அந்த இரவல் பெயரும் எப்போதும் காப்பாற்றுவதில்லை. 2022 மே மாதம் ஆம்பூரில் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் அறிவித்த பிரியாணித் திருவிழாவில் பீஃப் பிரியாணிக்கு இடமில்லை. எதிர்ப்பு கிளம்பியது, மழையைக் காரணம் காட்டி விழா தள்ளிவைக்கப்பட்டது. இதை ஏன் பாகுபாடாகக் கருதக் கூடாது என்று மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் ஆட்சியருக்கு நோட்டீஸ் அனுப்பியது.

எங்கள் பகுதியில் வயதான பெண்களிடம் பேசும்போது மாட்டின் ஒவ்வொரு உறுப்புக்கும், உப்புக்கண்டம் போடும் ஒவ்வொரு பதத்துக்கும் தனித்தனிச் சொற்கள் வருகின்றன. ஒரு நோட்டில் குறித்துக்கொண்டிருக்கிறோம். உங்கள் ஊரில் என்ன சொல்கிறார்கள் என்று பாட்டியிடம் கேட்டு எழுதி அனுப்புங்கள்.