வீட்டுக்கு விலை சொன்ன பின் எத்தனை நாள் காத்திருப்பது?

யாழ்ப்பாணத்தில் வீடு வாங்க வருபவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது உறுதியைப் பற்றியல்ல. “விலை சொல்லி இரண்டு கிழமையாகுது, ஒரு பதிலும் இல்லை. காத்திருக்கிறதா, விடுகிறதா?” என்றுதான் கேட்கிறார்கள். நொத்தாரிசாகத் தொழில் செய்பவன் என்பதால் இந்தக் கேள்வியின் பாரம் எனக்குத் தெரியும். கையிலிருப்பது நகை விற்ற காசாக இருக்கும், அல்லது வெளிநாட்டிலிருந்து தம்பி அனுப்பிய காசாக இருக்கும். பலமுறை இடம்பெயர்ந்து, இனி ஓரிடத்தில் இருந்துவிட வேண்டும் என்று வந்தவர்களுக்கு இந்தக் காத்திருப்பு சின்ன விடயமல்ல.

முதலில் சட்டம். நீங்கள் சொன்ன விலைக்கு இத்தனை நாளுக்குள் பதில் தரவேண்டும் என்று விற்பவரைக் கட்டாயப்படுத்தும் சட்டம் எதுவும் இல்லை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்பனையும் அதற்கான உடன்படிக்கையும் எழுத்தில், நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன் ஒப்பமிடப்பட வேண்டும். விறாந்தையில் இருந்து பேசி “சரி” என்ற வார்த்தை இருபக்கத்தையும் கட்டுப்படுத்தாது.

நடைமுறையில் நான் கண்டது இது. உறுதி ஒருவர் பெயரில் இருந்து, அவர் ஊரிலேயே இருந்தால் இரண்டு மூன்று நாளிலிருந்து ஒரு கிழமைக்குள் பதில் வரும். சகோதரர்கள் சேர்ந்து உரித்தாளிகளாக இருந்து, அவர்களில் சிலர் கனடாவிலோ லண்டனிலோ இருந்தால் மூன்று முதல் ஆறு கிழமை போகும். பதில் இழுபடுவதற்கு விலை மட்டும் காரணமல்ல. பெரும்பாலும் பின்வருவனவற்றில் ஒன்றுதான் காரணம்.

பங்குகள்

தாய் தகப்பன் இறந்தபின் பிரிக்கப்படாத வீட்டில் பிள்ளைகள் எல்லோருக்கும் பங்குண்டு. ஊரில் இருக்கும் அண்ணன் “ஓம்” என்றாலும் மற்றவர்களின் ஒப்பம் வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் உறுதிப்படுத்திய அற்றோணித் தத்துவத்தை அனுப்ப வேண்டும். அது இங்கே பதிவாகவும் வேண்டும். தேசவழமைக்கு உட்பட்டவர்களில் ஒருவர் தன் பங்கை மட்டும் வெளியாருக்கு விற்பதானால், 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மற்றப் பங்குதாரருக்கு அதை முதலில் வாங்கும் உரிமை உண்டு. அறிவித்தல் கொடுக்காமல் வாங்கினால் பின்னர் வழக்கு வரலாம். ஆகவே இந்தத் தாமதத்தைப் பொறுத்துக்கொள்வது உங்களுக்கே பாதுகாப்பு.

பெண்களின் பெயரிலுள்ள ஆதனம்

தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் பெயரிலுள்ள காணியை விற்பதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்கிறது 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம். கணவன் காணாமல் ஆக்கப்பட்ட பெண்ணுக்கு இது எத்தகைய கொடுமை என்பதைச் சொல்லத் தேவையில்லை. கணவன் இருக்குமிடம் தெரியாதபோது, அந்தச் சம்மதம் இல்லாமலே விற்க மாவட்ட நீதிமன்றத்திடம் அனுமதி கேட்கலாம். அதற்கு மாதக்கணக்கில் செல்லும்.

காணாமல் போன உரித்தாளி

இதுதான் நம்மிடையே ஆகக் கடினமானது. நான்கு பிள்ளைகளில் ஒருவர் 2009க்குப் பின் திரும்பவில்லை. மரணச் சான்றிதழ் எடுக்கத் தாய்க்கு மனமில்லை. எடுத்தால் தேடுவதை நிறுத்தியதாகிவிடும் என்று நினைக்கிறார். 2016இல் வந்த திருத்தத்தின்படி காணாமற்போனமைக்கான சான்றிதழைப் பெறலாம். ஆனால் அதை மட்டும் வைத்து அவருடைய பங்கை எழுதி வாங்கிவிடலாம் என்று எண்ணாதீர்கள். முதலில் சட்டத்தரணியைக் கேளுங்கள். இப்படிப்பட்ட வீட்டில் பதில் வரவில்லை என்றால் அவர்கள் கூடிய விலைக்குக் காத்திருக்கிறார்கள் என்று அர்த்தமில்லை. அந்தத் தாயிடம் போய் அவசரப்படுத்துவது முறையுமில்லை, பயனுமில்லை.

அனுமதிப்பத்திரக் காணி

வன்னியில் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் பல வீடுகள் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட காணிகளில் நிற்கின்றன. அளிப்புப் பத்திரம் உள்ள காணியைக்கூட பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது. வெறும் அனுமதிப்பத்திரம் மட்டும் உள்ள காணிக்கு “உறுதி பிறகு முடிக்கலாம், இப்ப காசைத் தாங்கோ” என்று ஒருவர் மறுநாளே பதில் தந்தால் சந்தேகப்படுங்கள். சில வேளைகளில் விரைவான பதில்தான் ஆபத்து.

விலை சொல்லும் முறை

விலை சொல்லுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். உறுதி யார் பெயரில்? உரித்தாளிகள் எத்தனை பேர், எங்கே இருக்கிறார்கள்? வீட்டில் இப்போது இருப்பவர் யார்? இதற்குக் கிடைக்கும் பதில்களே எத்தனை நாள் ஆகும் என்பதைச் சொல்லிவிடும். போரில் உறுதி தொலைந்திருந்தால், காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்க முடியுமா என்று கேளுங்கள்.

பிறகு விலையைக் கடிதமாகக் கொடுங்கள். தொகை, காசு கொடுக்கும் விதம், எத்தனையாம் திகதிவரை அந்த விலை நிற்கும் என்பவை அதில் இருக்கட்டும். ஊரிலுள்ளவருக்கு ஏழு நாள், வெளிநாட்டுப் பங்குதாரர் இருந்தால் மூன்று கிழமை கொடுப்பது நியாயம். தரகரிடம் மட்டும் சொல்லிவிட்டு இருக்காதீர்கள். உங்கள் விலை உரியவரின் காதுக்கே போகாமல் இருக்கலாம். உங்கள் பக்கத்தையும் ஆயத்தமாக வைத்திருங்கள். காசு தரும் தம்பி வேற்றுநாட்டுப் பிரஜையாகி, இரட்டைப் பிரஜாவுரிமை எடுக்காதவர் என்றால், 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தின்படி பொதுவாக அவர் பெயரில் காணி எழுத முடியாது. யார் பெயரில் எழுதுவது என்பதை முன்கூட்டியே தீர்மானியுங்கள்.

பதில் வரும்வரை முற்பணம் கொடுக்க வேண்டாம். பற்றுச்சீட்டை மட்டும் வைத்துக்கொண்டு காணியை எழுதித் தரும்படி வழக்கில் கேட்க முடியாது. நொத்தாரிசு முன் எழுதிய உடன்படிக்கையுடன் மட்டும் கொடுங்கள்.

திகதி முடிந்தும் பதில் இல்லையென்றால் ஒருமுறை நேரில் போய்க் கேளுங்கள். “அக்கா கனடாவிலிருந்து கடிதம் அனுப்ப வேணும்” என்பதுபோலத் தெளிவான காரணம் சொன்னால் இன்னும் இரண்டு கிழமை கொடுக்கலாம். காரணம் இல்லாமல் “பார்ப்பம்” என்றால் அடுத்த வீட்டைப் பார்க்கத் தொடங்குங்கள். விலை சொன்னதால் நீங்கள் அந்த வீட்டுக்குக் கட்டுப்பட்டவர் அல்ல. நாளைக்கு அவர்கள் கூப்பிட்டால் திரும்பப் பேசலாம்.