வயதுபோன பூனைக்கும் ஒரு ஹக் இருக்கிறது



மீன் சந்தையில் திரியும் பூனைகள் எல்லாம் அங்கே பிறந்தவை அல்ல. பத்துப் பன்னிரண்டு வருஷம் ஒரு வீட்டில் வளர்ந்து, வயதுபோய், நோயும் வந்த பிறகு சாக்கில் கட்டிக் கொண்டுவந்து விடப்பட்டவையும் அவற்றில் உண்டு. "அங்கே மீன் தலையாவது கிடைக்கும்தானே" என்று மனதைத் தேற்றிக்கொள்கிறோம். இந்தப் பழக்கம் இன்று வந்ததல்ல.

1260 முதல் 1277 வரை எகிப்தை ஆண்டவர் மம்லூக் சுல்தான் பைபர்ஸ். மங்கோலியரை எதிர்த்து நின்றவர் என்றே வரலாற்றுப் பாடத்தில் அவரைத் தெரியும். அவர் கெய்ரோவுக்கு வடக்கே, தனது பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தைப் பூனைகளுக்காக வக்ஃப் செய்தார். மக்கள் அதைப் பூனைத் தோட்டம் என்றே அழைத்தார்கள். பிற்காலத்தில் தோட்டம் பலமுறை கைமாறியது, வருமானமும் பெயரளவுக்குச் சுருங்கியது. ஆனாலும் உணவு நிற்கவில்லை. வக்ஃபுகளுக்குப் பொறுப்பான காழி அந்தச் செலவை ஏற்றார். அஸர் நேரத்தில் நீதிமன்ற முற்றத்தில் பூனைகளுக்கு இறைச்சிக் கழிவுகள் போடப்பட்டதை ஆங்கிலேயரான எட்வர்ட் லேன் 1836இல் வெளியான தனது நூலில் எழுதியிருக்கிறார். வீட்டுப் பூனையைக் கைகழுவ நினைத்த பலர் அதைக் கொண்டுபோய் அந்த முற்றத்தில் விட்டதையும் அவர் குறிப்பிடுகிறார்.

அங்கே பொறுப்பெடுக்க ஒரு காழியாவது இருந்தார். நமது சந்தையில் யார் இருக்கிறார்கள்?

பைபர்ஸின் காலத்தில் கெய்ரோவில் வாழ்ந்து, 1262இல் வபாத்தானவர் இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ்ஸலாம் (ரஹ்). நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் பேரறிஞர். 'கவாஇதுல் அஹ்காம்' என்ற நூலில் மனிதன் மீது பிராணிகளுக்குள்ள உரிமைகளை வரிசைப்படுத்துகிறார். அது முடங்கிப்போனாலும், நோயுற்று எந்தப் பிரயோசனமும் இல்லாமல் போனாலும் அதற்குச் செலவழிக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. எலி பிடிக்கும் வரைக்கும்தான் சோறு என்ற கணக்கு அவரிடம் இல்லை.

பூனையை அடைத்துவைத்து, உணவும் கொடுக்காமல், தானாகத் தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸ் எல்லோருக்கும் தெரியும். "நாங்கள் அடைத்து வைக்கவில்லையே, அவிழ்த்துத்தானே விடுகிறோம்" என்று சிலர் சொல்லலாம். தேடித் தின்ன உடம்பில் பலம் உள்ள பூனைக்கு அது சரி. பல் விழுந்து, சிறுநீரகம் பழுதாகி, நாய்க்கு ஓடித் தப்ப முடியாத பூனைக்குச் சந்தையும் பூட்டிய அறையும் ஒன்றுதான்.

அப்படியானால் பிரியும் நேரம் வந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? 2004இல் அமெரிக்க மிருக வைத்தியர் அலிஸ் வில்லலோபொஸ் இதற்கு ஓர் அளவுகோல் தந்தார். வலி அடங்கியிருக்கிறதா, தின்கிறதா, உடம்பில் நீர்ச்சத்து இருக்கிறதா, சுத்தமாக இருக்கிறதா, சந்தோஷம் தெரிகிறதா, நடமாடுகிறதா, கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்று ஏழு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 10 புள்ளி. மொத்தம் 35க்கு மேல் இருந்தால் பராமரிப்பைத் தொடரலாம். ஒரு கொப்பியில் தினமும் குறித்து வாருங்கள். ஒரே ஒரு கெட்ட நாளைப் பார்த்து அவசரப்படவும் மாட்டீர்கள், பாசத்தில் அதன் வேதனையைக் காணாமல் இருக்கவும் மாட்டீர்கள்.

புள்ளிகள் குறைந்துகொண்டே போனால் மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். வலி குறைக்கிறோம் என்று வீட்டில் பனடோல் கொடுக்காதீர்கள், அது பூனைக்கு நஞ்சு. ஒரு குளிசையே உயிரை எடுத்துவிடும். குணமாகாத பிராணிக்கு ஊசி போட்டு வேதனையை முடிக்கலாமா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. வைத்தியர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, நீங்கள் நம்பும் ஆலிமிடம் அதை விபரமாகச் சொல்லி முடிவெடுங்கள். அறுக்கும்போதுகூட கத்தியைத் தீட்டி, பிராணிக்கு வேதனையைக் குறைக்கச் சொன்ன மார்க்கம் இது.

எந்த முடிவானாலும் அது கடைசியாக உங்கள் வீட்டில், பழகிய சாக்கில், பழகிய குரல் கேட்கும் தூரத்தில் படுத்திருக்கட்டும். மௌத்தானால் வளவின் ஒரு மூலையில் ஆழமாகக் குழி வெட்டிப் புதையுங்கள். வீட்டுப் பிள்ளைகளையும் பக்கத்தில் நிற்க விடுங்கள்.